கிராணி மாறலாம், கணக்குப் புத்தகம் மாறக்கூடாது

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு, இணையத்தளம் கட்டுவதற்கு எந்தச் சர்வர் மொழியை, எந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். "வாத்தியாரே, செம்பனைக் குலை வெட்டுகிற எங்களுக்கு இது எதுக்குங்க?" என்று சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்விதான். நானும் கணினிப் பட்டதாரி இல்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆனாலும் இது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட விஷயம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எடுத்திருக்கும் முடிவு. இந்தப் பள்ளியில் படித்துச் சென்றவர்களின் பெயர்களைப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப் போகிறோம். இரண்டாவது காரணம், இங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகள். கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் படிவம் 5இல் இதைத்தான் படிக்கிறார்கள். எஸ்.பி.எம். முடிந்ததும் "எந்த மொழி படித்தால் வேலை கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு, பணம் கட்டி வகுப்பில் சேர நிற்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் வியர்வை. ஆகவே விவரம் தெரிந்து செலவழிப்பது நல்லது.

பதிவேடு என்றால் சாதாரணமா?

பெரியவர்களுக்குத் தெரியும். 1950களிலும் 1960களிலும் பெரிய பெரிய தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் ஒன்றாக இருந்தவர்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தாமான்களுக்கும், ஜொகூருக்கும், சிங்கப்பூருக்கும் பிரிந்து போனார்கள். தோட்ட ஆபீஸ் மூடியபோது செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின? எத்தனையோ இடங்களில் கறையான் தின்றது. எத்தனையோ இடங்களில் எரித்தே விட்டார்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமான 1969ஆம் ஆண்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "எங்கே பிறந்தே? காகிதம் எங்கே?" என்ற கேள்விக்குக் காட்ட ஒன்றுமில்லாமல், பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. ஒரு மனிதன் இங்கே இருந்தான் என்பதற்குப் பல குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் அன்றைய ஆசிரியர் மையால் எழுதி வைத்த ஒரு வரிதான். அந்த வரியைத்தான் நாம் இப்போது கணினியில் ஏற்றப் போகிறோம். அது மறுபடியும் தொலைந்து போகக்கூடாது. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு கவலையிலிருந்து வருவதுதான்.

கிராணியும் செக்ரோலும்

சர்வர் என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல் 'பெலாயான்' என்று சொல்கிறது. கடையில் நாம் கேட்டதை எடுத்துக் கொடுப்பவரையும் பெலாயான் என்றுதானே சொல்கிறோம்? அதே வேலைதான். தோட்டத்து வழக்கில் சொன்னால் இன்னும் சுலபம்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நீங்கள் நிற்கிறீர்கள். "ஐயா, போன மாசம் எனக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு அட்வான்ஸ்?" என்று கேட்கிறீர்கள். உள்ளே கிராணி உங்கள் கேள்வியைக் காதில் வாங்கி, செக்ரோலைப் புரட்டி, கணக்குப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்டுகிறார். உங்கள் கையில் வருவது சீட்டு மட்டும்தான். செக்ரோலை நீங்கள் தொடுவதில்லை.

இணையத்தளமும் இப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே நிற்பது உங்கள் கைப்பேசி. துண்டுச் சீட்டுதான் திரையில் தெரியும் பக்கம். கிராணி என்பவர் சர்வரில் ஓடும் நிரல். அவர் பேசும் மொழிதான் சர்வர் மொழி. செக்ரோல்தான் தரவுத்தளம், மலாயில் 'பங்காலான் டாட்டா'. சீட்டு எழுதும் முறையில் நமக்குப் பெரிய தேர்வு கிடையாது. உலகத்துக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே முறையைத்தான் படிக்கின்றன. கிராணியையும் செக்ரோலையும் மட்டும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிராணி வேலைக்கு நிற்பவர்கள் பலர். பைத்தான் 1991இல் வெளிவந்தது. நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ரோசம் உருவாக்கியது. பிஎச்பி 1995இல் வந்தது; ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தம் சொந்தப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியச் செய்த சின்னக் கருவி அப்படி வளர்ந்தது. அதே 1995இல் சன் நிறுவனத்தின் ஜாவாவும், ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோவின் ரூபியும் வந்தன. 2009இல் ரயன் டால் என்பவர் நோட் என்பதைக் கொண்டுவந்து, பெரும்பாலும் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வர் வேலைக்கும் வசதியாக்கினார்.

இவர்களில் யார் கெட்டிக்காரர் என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நம்மைப் போன்ற பள்ளிக்கு அந்த வாதம் தேவையில்லை. நூறு, இருநூறு பேர் பார்க்கும் தளத்துக்கு இவற்றில் எதுவும் போதும். யார் வேகம் என்பதைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம்.

எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

எல்லாரும் மொழியை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். தரவுத்தளம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் அதைத் திருப்பிச் செய்யச் சொல்கிறேன். ஏன் தெரியுமா? கிராணி மாறுவார். ஒரு கிராணி போய் இன்னொருவர் வரும்போது செக்ரோல் அங்கேயேதான் இருக்கும். புத்தகம் ஒழுங்காக இருந்தால் புதியவர் ஒரே வாரத்தில் வேலையைப் பிடித்துக்கொள்வார். புத்தகம் தாறுமாறாக இருந்தால் எப்பேர்ப்பட்ட கிராணி வந்தாலும் சம்பள நாளில் சண்டைதான்.

இதற்கு நம் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியபோது பெர்ல் என்ற மொழியில் எழுதிய நிரலில் ஓடியது. 2002இல் அதை விட்டுப் பிஎச்பிக்கு மாறினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. 2013இல் விக்கிப்பீடியாக்களின் தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபிக்கு மாற்றினார்கள். கிராணி மாறினார், அலமாரியும் மாறியது. எழுதியவை பத்திரமாக இருந்தன. இன்று தமிழில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அங்கே இருக்கின்றன. எழுத்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்ததால்தான் அப்படி மாற்ற முடிந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் 1970இல், தகவல்களைக் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் முறையை எழுதினார். 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி வகுத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்கியூஎல். ஐம்பது ஆண்டு தாண்டியும் அந்த முறை நிற்கிறது. மொழிகள் வந்து போகின்றன; அட்டவணைக் கணக்கு அப்படியே இருக்கிறது. பிள்ளைகளே, இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் புத்தகத்துக்கு ஐந்து சோதனைகள்

கடையில் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? தரவுத்தளத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். நம் பதிவேட்டுக்கு ஏற்ற ஐந்து சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, தமிழைச் சிதைக்காமல் வைக்குமா? நம் மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே 'முரசு' என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கினார். ஆனால் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்து முறை இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் வெறும் கிறுக்கல் தெரியும். பிறகு யூனிகோடு என்ற உலகப் பொது முறை வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதைத் தர அளவாக ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், 2018இல் 8ஆம் பதிப்பு வரும் வரைக்கும், நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஐரோப்பிய எழுத்து முறைதான் அமையும். அதில் 'முனியம்மா' என்று போட்டால் வெறும் கேள்விக்குறிகள் திரும்பி வரலாம். இப்போது யூடிஎஃப்8எம்பி4 என்ற முறையே இயல்பாக அமைகிறது. பழைய தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றையும் இந்த முறை தாங்கும்.

நீளத்தையும் கவனியுங்கள். 'பாலசுப்பிரமணியம்' நமக்குப் பத்து எழுத்து. கணினிக்கு அது 16 குறிகள், ஏனென்றால் 'பா' என்பதில் 'ப' ஒன்று, கால் ஒன்று என்று எண்ணும். யூடிஎஃப்8 முறையில் குறிக்கு மூன்று பைட்டாக 48 பைட்டு இடம் பிடிக்கும். பெயருக்கு 15 இடம் போதும் என்று கட்டம் போட்டால் பாலசுப்பிரமணியத்தின் தலையிலிருந்து புள்ளி விழுந்துவிடும். மைஎஸ்கியூஎல் ஒரு காலத்தில் நீளமான பெயரை வெட்டிவிட்டு, சும்மா ஓர் எச்சரிக்கையோடு வேலையை முடித்துவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல்தான் அப்படி வெட்டாமல் தவறு என்று நிறுத்துவது இயல்பான அமைப்பாயிற்று.

இரண்டாவது, அகர வரிசை. யூனிகோடு எண் வரிசையில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. நாம் ஆண்டு 1இல் சொல்லிக் கொடுக்கும் வரிசையிலோ 'ன' கடைசி. ஆகவே வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கினால் 'கனகா' முன்னால் வந்து 'கமலா' பின்னால் போவாள். நம் முறைப்படி கமலாதான் முதலில். தரவுத்தளத்தில் வரிசை விதி என்று ஒன்று உண்டு. அதைத் தமிழுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017இன் 10ஆம் பதிப்பு முதல், மொழிவாரியான வரிசை விதிகளைப் பயன்படுத்த வசதி இருக்கிறது. எதை எடுத்தாலும் சரி, கமலாவையும் கனகாவையும் போட்டு அடுக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எண் போலத் தோன்றுவது எல்லாம் எண் இல்லை. அடையாளக் கார்டு எண்ணில் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி. 2005இல் பிறந்த பிள்ளைக்கு அது 05 என்று தொடங்கும். அதைக் கூட்டல் கழித்தல் செய்யும் எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள சைபர் பறந்துவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். நம் மலாக்காத் தொலைபேசி எண்ணின் 06க்கும் அதே கதிதான். இவற்றை எழுத்தாகவே வைக்க வேண்டும். பணத்தை நேர்மாறாக, சென் கணக்குத் தவறாத தசம வகையில் வைக்க வேண்டும். சாதாரணப் பின்ன வகையில் 10 சென்னையும் 20 சென்னையும் கூட்டினால், கணினி 30 சென்னுக்கு மேலே ஏதோ ஒரு பொடி மிச்சத்தையும் ஒட்டிவிடும். நன்கொடைக் கணக்கில் பொடி மிச்சம் வந்தால் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று பொருளாளருக்குத் தெரியும்!

நான்காவது, பெயர். வெளிநாட்டு மாதிரிகளில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தன் பெயர் ஒரு கட்டம், தகப்பனார் பெயர் ஒரு கட்டம், மகனா மகளா என்பது ஒரு கட்டம். பிறப்புப் பத்திரத்தில் உள்ள ரூமி எழுத்துக்குத் தனிக் கட்டம். ஒரே முனியம்மா பதிவேட்டில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பார். இரண்டையும் இருக்கிறபடியே எழுதி வைக்க வேண்டும். 'திருத்துகிறேன்' என்று நாம் ஒன்றை அழித்தால், ஒரு குடும்பத்தின் சான்றை அழித்தவர்கள் ஆவோம்.

ஐந்தாவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் தாங்குமா? எஸ்கியூலைட் என்று 2000இல் வந்த ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ஒரே ஒரு கோப்புதான். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. சின்ன வேலைக்கு மிக நல்லது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும்; மற்றவர் தம் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். பலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதும் பதிவேட்டுக்கு மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவைதான் வசதி. மோங்கோடிபி என்று 2009இல் வந்த ஒன்று, நிலையான கட்டம் இல்லாமல் ஏடு ஏடாக வைக்கும். நம்மிடம் இருப்பதோ ஏற்கெனவே கட்டம் போட்ட பதிவேடு. அதற்கு அட்டவணை முறையே பொருத்தம்.

சொந்தக்காரர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 1995இல் சுவீடன் நாட்டில் பிறந்தது. மைக்கேல் விடேனியஸ் தம் மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். 2008இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. இந்தக் கைமாற்றத்தில் கவலைப்பட்ட விடேனியஸ், 2009இல் அதே நிரலைப் பிரித்தெடுத்து, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபியைத் தொடங்கினார். மூல நிரல் திறந்து கிடந்ததால் அது முடிந்தது. போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய வேலையின் வாரிசு. எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் புத்தகம் எந்த முதலாளியின் அலமாரியிலும் பூட்டிக் கிடக்கக்கூடாது.

இனி, கிராணி யார்?

மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்விதான் பெரிது: இன்று கட்டுகிற பையன் நாளைக்கு வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டால், அடுத்து யார் பார்ப்பது? அருமையான மொழியில் கட்டி, பார்க்க ஆளில்லாமல் போன தளத்தைவிட, நாலு பேருக்குத் தெரிந்த மொழியில் கட்டிய சாதாரணத் தளம் மேல்.

இந்த அளவுகோலில் பார்த்தால் பிஎச்பி நமக்கு அருகில் நிற்கிறது. படிவம் 5 பாடத்தில் நம் பிள்ளைகள் சர்வர் வேலைக்குக் கற்பது அதைத்தான். மலிவான வாடகைச் சர்வர்களில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைக்கும். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. டுரியான் துங்காலில் யூடெம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து கை கொடுக்க முடியும். ஆகவே நம் பதிவேட்டுக்கு என் வாக்கு பிஎச்பிக்கும் மரியாடிபிக்கும்தான். பைத்தான் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் நம்மிடையே இருந்து, பொறுப்பை ஏற்கவும் முன்வந்தால், பைத்தானும் போஸ்ட்கிரெஸும் அதே அளவு நல்லவை; கண்டிப்பில் போஸ்ட்கிரெஸ் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. எந்த மொழியானாலும் இரண்டு பேர் வேண்டும்.

மொழிக்கும் வயது உண்டு. பிஎச்பி 5.6 பதிப்புக்குக் கவனிப்பு 2018 முடிவோடு நின்றது. பைத்தான் 2க்கு 2020 சனவரி 1 அன்று நின்றது. கவனிப்பு நின்ற பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது பதிப்பைப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். கூரைக்குத் தார் பூசுவதைப் போல இதுவும் ஒரு பராமரிப்புச் செலவு.

பாதுகாப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு திருடன் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையை எழுதிவிடலாம். அசட்டுக் கிராணி அதை அப்படியே புத்தகத்திடம் வாசித்தால், பட்டியலே அழியலாம். கேள்வியையும் அதில் நிரப்பும் பெயரையும் தனித்தனியே அனுப்பும் முறை எல்லா மொழிகளிலும் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்குங்கள். கடவுச்சொல்லை எழுதியபடியே வைக்கக்கூடாது. திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகம் செய்பவர்களுக்கானது. ஆனாலும் அதன் நோக்கம் நமக்கும் பொருந்தும்: தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதைக் கடை பரப்பாதீர்கள். அடையாளக் கார்டு எண் பொதுப் பக்கத்தில் ஒருபோதும் தெரியக்கூடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் வைக்கப் போவது தேடத் தேவையில்லாத ஒரு சின்னப் பட்டியலும் நாலு படமும் மட்டும் என்றால், சர்வர் மொழியும் வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். எழுதி வைத்த பக்கம் ஒன்றே போதும். தேடவும், சேர்க்கவும், திருத்தத்தைக் குறிக்கவும் போவதால்தான் இவ்வளவு பேச்சு.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, ஒரு மொழியின் பெயரை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு, "இதைப் படித்தால் வேலை நிச்சயம்" என்று சொல்கிற இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. மூன்று கேள்வி கேளுங்கள். அட்டவணை அமைப்பும் எஸ்கியூஎல்லும் எத்தனை வாரம் சொல்லிக் கொடுப்பீர்கள்? படிப்பு முடியும்போது என் பிள்ளை தானே கட்டிய ஒரு தளம் ஓடிக்கொண்டிருக்குமா? அடுத்த மொழி வந்தால் இந்தப் படிப்பு எப்படி உதவும்? பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டம் இல்லையே என்று மனம் தளரவும் வேண்டாம். தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோ, 2005 முதல் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தானே பயிற்சிப் பள்ளி நடத்தி வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. கிராமத்துப் பிள்ளைக்கு முடிகிறது என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கு முடியாதா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேலைகள். முதலில், உங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் என்ன வரும், எது இரண்டு தடவை வரக்கூடாது என்று யோசியுங்கள். தரவுத்தளப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதற்குக் கணினிகூட வேண்டாம். அடுத்து, யூனிகோடு தமிழில் தட்டச்சுப் பழகுங்கள். பிறகு ஒரு மொழியை, ஒன்றே ஒன்றை, ஆழமாகப் படியுங்கள். பிஎச்பியில் பழகிய பிள்ளைக்குப் பைத்தான் பிடிபட அதிக நாள் ஆகாது. ஐந்து மொழியின் பெயர் தெரிந்து ஒன்றிலும் எழுதத் தெரியாதவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டத்துப் பெரியவர்களே, இந்த வேலையில் உங்கள் பங்கு பெரிது. பதிவேட்டில் 'கோ. ராமன்' என்று இருக்கும். கோவிந்தசாமி மகனா, கோபால் மகனா என்று கணினிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். யார் எந்த லயத்தில் இருந்தார், எந்த ஆண்டு எந்தத் தோட்டத்துக்கு மாறினார் என்று நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். சனிக்கிழமைகளில் பள்ளி நூலகத்துக்கு வாருங்கள். பழைய வகுப்புப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு தடவை தரவுத்தளத்தின் முழுப் பிரதியை எடுத்து, சர்வர் இல்லாத இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எந்த நிரலிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒன்று எடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை முழுவதையும் அச்சடித்துத் தைத்து நூலகத்தில் வையுங்கள். சர்வர் வாடகை கட்டத் தவறினாலும், மொழி வழக்கொழிந்தாலும், கட்டியவர் ஊர் மாறினாலும், அந்தப் பெயர்களை மீண்டும் ஏற்றிவிடலாம்.

 பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.